செய்தியின் விலையும் செய்தியாளரின் பங்கும்: எண்மத் தள ஒழுங்குமுறையும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் செய்தியாளர் நிலையும்

ஆய்வுச்சுருக்கம்

தேடுபொறிகளும் சமூக ஊடகங்களும் செய்தியைக் கொண்டு ஈட்டும் வருவாயில் செய்தி நிறுவனங்களுக்கு உரிய பங்கு வேண்டும் என்னும் கோரிக்கையை இந்தியத் தொழில் போட்டி ஆணையம் 2022-ஆம் ஆண்டில் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அக்கோரிக்கை பதிப்பாளருக்கும் தளத்திற்கும் இடையிலான கணக்காகவே இதுவரை பேசப்பட்டுள்ளது. விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் செய்தியைத் திரட்டும் பகுதிநேர நிருபர் அக்கணக்கில் இடம்பெறவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 1955-ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், பிற நாடுகளின் அண்மைச் சட்டங்கள் ஆகியவற்றைக் கொண்டு அந்நிருபருக்குச் சேரவேண்டிய பங்கு எந்த அடிப்படையில் அமையலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எண்மத் தளங்கள், பகுதிநேர நிருபர், பதிப்புரிமை, ஊதியக் குழு, விழுப்புரம், திண்டிவனம்.

முன்னுரை

2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான இருபத்துநான்கு மணி நேரத்தில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவாயிற்று. அடுத்த இரு நாள்களில் அரசூர் அருகே சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் நீர்மட்டம் உயர்ந்ததால் ரயில்கள் நிறுத்தப்பட்டன.

சாலையும் ரயிலும் நின்றுபோன நிலையில் இத்தகைய செய்திகளை முதலில் அனுப்பக்கூடியவர் அவ்வூரிலேயே வாழும் நிருபர்தாம். எந்த ஏரிக்கரை உடைந்தது, எத்தெருவில் நீர் புகுந்தது, எப்பள்ளியில் மக்கள் தங்கவைக்கப்பட்டனர் என்பவற்றை அவர் கைப்பேசியில் தட்டச்சு செய்து, படத்துடன் மாவட்ட அலுவலகத்திற்கு அனுப்புகிறார். அது செம்மைசெய்யப்பட்டு நாளிதழின் இணையப் பக்கத்தில் ஏறுகிறது. சில நிமிடங்களில் அதன் தலைப்பும் முதல் இரு வரிகளும் தேடுபொறியில் துணுக்காகத் தோன்றுகின்றன. வாட்ஸ்அப் குழுக்களில் அச்செய்தி இதழின் பெயர் இழந்து சுற்றுகிறது. யூடியூபில் யாரோ ஒருவர் அதை வாசித்துக் காணொலியாக்குகிறார். இப்பயணத்தின் பல கட்டங்களில் விளம்பரம் தோன்றுகிறது; விளம்பரம் தோன்றும் இடத்தில் பணம் கைமாறுகிறது. பயணம் தொடங்கிய இடத்திற்கு அப்பணத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதே ஆராயத்தக்கது.

விழுப்புரம் மாவட்டம் 1993-இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது. 2019-இல் கள்ளக்குறிச்சி அதிலிருந்து தனி மாவட்டமாயிற்று. தினமணி விழுப்புரத்தில் தனிப் பதிப்பு வெளியிட்டு வருகிறது. திண்டிவனத்தில் பணிபுரியும் ஒரு வட்ட நிருபரின் எல்லை மரக்காணம் உப்பளம் முதல் மயிலம் வரை நீளக்கூடும். நீதிமன்றம், காவல் நிலையம், அரசு மருத்துவமனை, கோட்டாட்சியர் அலுவலகம், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் எனப் பலவற்றை ஒருவரே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். விற்பனைக்கூடத்தில் மணிலாவும் எள்ளும் உளுந்தும் அன்று என்ன விலைக்குப் போயின என்னும் நான்கு வரிச் செய்தியை இணையத்தில் சொடுக்குவோர் சிலரே. ஆயினும் மூட்டையை வண்டியில் ஏற்றுவதா, இன்னும் ஒரு வாரம் பொறுப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய உழவருக்கு அந்நாளிதழின் பிற பக்கங்களைவிட அந்நான்கு வரி பெரிது.

2023 மே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் குடித்தோர் இறந்த நிகழ்வும், அதே ஆண்டு ஜூனில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் பூட்டப்பட்டு 2025 ஏப்ரலில் பொதுமக்கள் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வரையிலான நிகழ்வுத் தொடரும் மாநில அளவில் பேசப்பட்டவை. முன்னது சில நாள்களில் தலைப்புச் செய்தியிலிருந்து மறையும் இயல்புடையது. பின்னதோ இரண்டாண்டுகளாகப் பேச்சுவார்த்தை, வழக்கு விசாரணை, காவல் பாதுகாப்பு என நீண்டது. அவ்வளவு காலம் ஒரு செய்தியைப் பின்தொடர ஊரில் ஆள் வேண்டும். அவருக்கு வாழ்வாதாரமும் வேண்டும்.

இழப்பீடா, விலையா, ஊதியமா?

இவ்விவாதத்தில் ஆங்கிலத்தில் 'காம்பன்சேஷன்' என்னும் ஒரே சொல் வழங்குகிறது. தமிழில் எழுதுவோர் அதற்குப் பெரும்பாலும் 'இழப்பீடு' என்றே எழுதுகின்றனர். மொழிபெயர்ப்பில் வந்த இச்சொல் விவாதத்தின் போக்கையும் தீர்மானித்துவிடுகிறது. இழப்பீடு என்றால் ஒருவர் முன்பு பெற்றிருந்த ஒன்றை இழந்திருக்க வேண்டும். விளம்பர வருவாயை இழந்தவர் பதிப்பாளர். ஆகவே இழப்பீடு அவருக்கு உரியது என்னும் முடிவு சொல்லிலேயே பொதிந்துகிடக்கிறது.

அதே ஆங்கிலச் சொல் ஊதியத்தையும் குறிக்கும். ஊதியம் உழைப்புக்கு உரியது. இழந்தவர் யார் என்பது அங்கு வினாவன்று. செய்தவர் யார் என்பதே வினா. மூன்றாவதாக, பிறர் ஆக்கத்தைப் பயன்படுத்துவோர் கொடுக்கும் 'விலை' என்னும் பொருளும் உண்டு. இம்மூன்றையும் பிரித்துக் கூறத் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருப்பது ஒரு வசதி. பல நாட்டுச் சட்டங்களையும் இம்மூன்று சொற்களைக் கொண்டு வகைப்படுத்திப் பார்க்கலாம். இந்தியாவில் போட்டிச் சட்டத்தின் வழியே எழுந்துள்ள வழக்கு இழப்பீட்டின் மொழியில் பேசுகிறது. ஆஸ்திரேலியச் சட்டம் விலை பேசுவது. கனடாவில் பணம் பகிரப்படும் முறை ஊதியத்தை நெருங்கி வருகிறது.

போட்டி ஆணையத்தின் முன்

எண்மத் தளங்களைச் சட்டத்தின் முன் நிறுத்தும் முயற்சியில் தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றுக்குத் தொடக்கத்திலேயே இடமுண்டு. சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி நிறுவனமும் நுகர்வோர் அமைப்பான கட்ஸும் அளித்த புகார்களின்பேரில், தேடல் முடிவுகளில் ஒருதலைச் சார்பு காட்டியதற்காகக் கூகுளுக்கு 2018 பிப்ரவரியில் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. செய்தி நிறுவனங்களின் வழக்கு அதன் பின்னர் வந்தது.

2018-இல் அமைந்த எண்மச் செய்தி வெளியீட்டாளர் சங்கம் அளித்த புகாரை ஏற்று, 2022 ஜனவரி 7-ஆம் நாள் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. செய்தித் தளங்களுக்கு வரும் வாசகரில் பாதிக்கும் மேற்பட்டோர் கூகுள் வழியாகவே வருவதாகவும், விளம்பர வருவாய் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பது தங்களுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை என்றும், துணுக்குகளைக் காட்டுவதற்கு உரிய தொகை தரப்படுவதில்லை என்றும் சங்கம் கூறியது. ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் போட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு மீறப்பட்டதற்கு முகாந்திரம் இருப்பதாக ஆணையம் கருதியது. அதே ஆண்டில் இந்தியச் செய்தித்தாள் சங்கமும், தொலைக்காட்சி நிறுவனங்களின் அமைப்பும் இவ்வழக்கில் சேர்ந்துகொண்டன.

மக்களாட்சியில் செய்தி ஊடகத்தின் பங்கைக் குறைத்து மதிப்பிடலாகாது என்றும், வருவாய் அதில் தொடர்புடைய அனைவருக்கும் நியாயமாகப் பகிரப்படுவதைத் தளங்கள் தம் ஆதிக்கத்தால் கெடுத்துவிடக் கூடாது என்றும் அந்த உத்தரவு குறிப்பிட்டது. 'அனைவருக்கும்' என்னும் சொல் கவனத்திற்குரியது. வழக்கில் வந்து நின்றவர்களோ நிறுவனங்களின் சங்கங்கள் மட்டுமே. போட்டிச் சட்டத்தின் கண்ணுக்குச் சந்தையில் விற்போரும் வாங்குவோரும் தெரிவர். விற்பவரின் கடைக்குள் உழைப்பவர் தெரியமாட்டார். இதை ஆணையத்தின் குறையாகக் கொள்வதற்கில்லை. அச்சட்டத்தின் இயல்பே அது.

2024 மார்ச்சில் வெளியான எண்மப் போட்டி மசோதாவின் வரைவும் இவ்வகையில் மாறுபடவில்லை. இந்தியாவில் 4,000 கோடி ரூபாய் விற்றுமுதல், ஒரு கோடிப் பயனர் போன்ற அளவுகோல்களைக் கொண்டு பெருநிறுவனங்களை அடையாளங்கண்டு, அவற்றுக்கு முன்கூட்டியே கடமைகளை விதிப்பது அதன் நோக்கம். தன் சேவைக்கே முன்னுரிமை தருவதும், ஒரு சேவையுடன் மற்றொன்றைக் கட்டாயமாகப் பிணைப்பதும் அதில் தடுக்கப்படுகின்றன. செய்திக்குத் தொகை செலுத்துவது பற்றிய தனி ஏற்பாடு அவ்வரைவில் இல்லை. அதே ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், தேசியப் பத்திரிகை நாள் உரையில், தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் மரபுவழி ஊடகங்களுக்கு நியாயமான தொகை கிடைக்காமையை ஊடகத்துறையின் முதன்மைச் சிக்கல்களுள் ஒன்றாகக் கூறினார். அங்கும் பேசப்பட்டது நிறுவனங்களின் நிலையே.

வட்டார நிருபர்: யாருடைய பணியாளர்?

மாவட்டத் தலைநகரங்களிலும் வட்டத் தலைநகரங்களிலும் பணியாற்றும் செய்தியாளரைப் பொதுவாக மூவகைப்படுத்தலாம். முதல் வகையினர் நிறுவனத்தின் முழுநேரப் பணியாளர். மாத ஊதியமும் வருங்கால வைப்புநிதியும் பெறுவோர். விழுப்புரம் போன்ற மாவட்டத் தலைநகரில் இவர்களைக் காணலாம். வட்ட அளவுக்கு வருகையில் இவ்வகை மெலிந்துவிடுகிறது. இரண்டாம் வகையினர் பகுதிநேர நிருபர்கள். வெளியான செய்திக்கு இவ்வளவு என்றோ, சிறு மாதத் தொகையாகவோ, பெற்றுத்தரும் விளம்பரத்திற்குக் கழிவாகவோ இவர்களுக்குப் பணம் கிடைக்கிறது. அச்சகம், கடை, முகவர் பணி, தனிப்பயிற்சி எனப் பிழைப்புக்கு வேறொரு தொழிலும் இவர்களிடையே இயல்பு. மூன்றாம் வகையினர் அண்மைக்காலத்தவர். தாமே யூடியூப் அலைவரிசையோ இணையப் பக்கமோ நடத்துவோர்.

விளம்பரக் கழிவைப் பற்றி ஒரு சொல். எந்தக் கடையின் விளம்பரத்தைக் கேட்டுப் பெறுகிறாரோ அக்கடையின் கலப்படத்தைப் பற்றி எழுத வேண்டிய நிலை நிருபருக்கு வரலாம். ஊதியக் குறைவு இவ்வாறு செய்தியின் உள்ளடக்கத்தையே தொடுகிறது. நிருபரின் அறவுணர்வைக் குறைகூறிப் பேசுவோர் இவ்வமைப்பைக் காணத் தவறுகின்றனர்.

1955-ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் பகுதிநேரப் பணியாளரையும் உள்ளடக்கியே பத்திரிகையாளரை வரையறுத்தது. ஆயினும் இதழியலே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை அவ்வரையறையில் இருந்தது. கடையும் வைத்திருக்கும் திண்டிவனத்து நிருபர் அந்நிபந்தனையிலேயே தடுக்கி விழுகிறார். இதழியல் வருவாய் போதாமையால்தான் கடை வைக்கிறார். கடை வைத்திருப்பதால் இதழியலாளராகக் கருதப்படாமற்போகிறார்.

அச்சட்டத்தின்கீழ் அமைந்த ஊதியக் குழுக்களுள் இறுதியானது மஜீதியா குழு. அதன் பரிந்துரைகள் 2011 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. 2014 பிப்ரவரி 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவற்றை உறுதிசெய்தது. செயற்படுத்தவில்லை என்னும் அவமதிப்பு வழக்குகள் 2017 வரை அதே நீதிமன்றத்தில் நடந்தன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டன. புதிய வரையறை எண்ம ஊடகத்தில் பணிபுரிவோரையும் பத்திரிகையாளராக ஏற்கிறது, இது வரவேற்கத்தக்கது. ஆனால் பத்திரிகையாளர்க்கெனத் தனி ஊதியக் குழு அமைக்கும் ஏற்பாடு மறைந்துவிட்டது. வரையறை விரிந்த அதே நேரத்தில் விரிவின் பயன் சுருங்கிவிட்டது.

மூன்றாம் வகையினரின் நிலை முற்றிலும் வேறு. அவர்களுக்கு நிறுவனம் என்று ஒன்றில்லை, தளமே எல்லாம். கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழ்ப் பக்கங்களை ஏற்றுக்கொண்டது 2018-இல்தான். அதற்குமுன் தமிழில் மட்டும் எழுதிய ஒரு தளம் அவ்வழியில் வருவாய் ஈட்டுவது இயலாததாக இருந்தது. காட்சி விளம்பரத்தில் ஏறத்தாழ 68 விழுக்காடு தளம் நடத்துவோருக்கு என்பது கூகுள் அறிவித்துள்ள பங்கு. விழுக்காடு பெரிதாகத் தோன்றினாலும், எதன் விழுக்காடு என்பதை அறிய வழியில்லை. விளம்பரத்தின் அடிப்படை விலை ஏலத்தில் தளத்திற்குள்ளேயே முடிவாகிறது. சோளத்தை அளப்பவனும் மரக்காலைச் செய்பவனும் ஒருவனே என்னும் நிலை அது.

பதினேழாம் பிரிவு

பகுதிநேர நிருபர் பணியாளர் அல்லர் என்று நிறுவனம் கூறுமானால், அதிலிருந்து ஒரு சட்ட விளைவு பிறக்கிறது. இதைப் பற்றிய பேச்சு தமிழ் இதழியல் உலகில் அரிதாகவே எழுகிறது.

பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆம் பிரிவின்படி ஓர் ஆக்கத்தின் முதல் உரிமையாளர் அதை ஆக்கியவரே. இதற்குச் சில விலக்குகள் உண்டு. பணி ஒப்பந்தத்தின்கீழ் இதழ் நிறுவனத்தில் வேலை செய்பவர் அவ்விதழில் வெளியிடுவதற்காக எழுதியவை முதல் விலக்கு. அங்கும்கூட நிறுவனத்திற்குக் கிடைப்பது முழு உரிமை அன்று. நாளிதழ், வார இதழ் போன்ற பருவ வெளியீடுகளில் வெளியிடும் அளவுக்கே நிறுவனம் முதல் உரிமையாளர். ஏனைய அனைத்திலும் எழுதியவரே முதல் உரிமையாளர் என்று அவ்விலக்கு தெளிவாகக் கூறுகிறது. மாறான ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே இந்நிலை மாறும்.

பணி ஒப்பந்தம் இல்லாத நிருபருக்கு அவ்விலக்கே பொருந்தாது. அவர் எழுதிய செய்தியின் சொல்வடிவம் முழுமையும் அவருடையது. உரிமையை மாற்றித்தர எழுத்துமூல ஆவணமும் ஒப்பமும் வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. ஆவணத்தில் காலம் குறிக்கப்படாவிடில் ஐந்தாண்டு, நிலப்பரப்பு குறிக்கப்படாவிடில் இந்தியா என்று அப்பிரிவே எல்லை வகுக்கிறது. ஆவணம் ஏதுமின்றி அனுப்பப்படும் செய்தியில் வெளியிடுவதற்கான அனுமதி இருப்பதாகக் கொள்ளலாம். அதனைத் தளங்களுக்கு விற்கும் உரிமை நிறுவனத்திற்கு மாறிவிட்டதாகக் கொள்வது கடினம். தேடுபொறியில் துணுக்காக இடுவதும், செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குத் தருவதும் 'இதழில் வெளியிடுதல்' ஆகுமா என்பது முழுநேரப் பணியாளர் பொருட்டும் எழுப்பத்தக்க வினா.

படத்தின் நிலை வேறு. ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பணம் பெற்று எடுக்கப்பட்ட ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர் கேட்டுக்கொண்டவரே. ஆகவே வெள்ளத்தைப் படமெடுத்து அனுப்புமாறு மாவட்ட அலுவலகம் கூறிப் பணமும் தந்திருந்தால் படம் நிறுவனத்திற்குரியது. உடன் அனுப்பிய செய்தி நிருபருக்குரியது. தானே எடுத்து அனுப்பிய படமும் அவருடையதே.

இவ்வுரிமையை மிகைப்படுத்தவும் கூடாது. பதிப்புரிமை காப்பது சொல்வடிவத்தை; தகவலை அன்று. அன்றாடச் செய்திக்கும் வெறும் தகவலுக்கும் காப்பில்லை என்பது பெர்ன் உடன்படிக்கையின் 2-ஆம் உறுப்பிலேயே கூறப்பட்டுள்ளது. அரசூரில் சாலை மூழ்கியது என்னும் உண்மை யாருக்கும் சொந்தமன்று. அவ்வாறு இருப்பதே பொதுநலனுக்கு ஏற்றது. ஆனால் வட்டார நிருபரின் உழைப்பில் பெரும்பகுதி சொல்வடிவத்தில் இல்லை. முழங்கால் நீரில் நடந்துசென்று உண்மையை உறுதிசெய்ததில் இருக்கிறது. அவ்வுழைப்புக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் மட்டும் விடை தேடினால் கிடைக்காது.

பிற நாடுகளில் பணம் சென்ற வழி

ஆஸ்திரேலியா 2021-இல் செய்தி ஊடகப் பேர நெறிமுறையைச் சட்டமாக்கியது. சட்டம் நிறைவேறும் முன் ஃபேஸ்புக் அந்நாட்டில் செய்தியையே சில நாள் நிறுத்திவைத்தது. பின்னர் இரு பெருந்தளங்களும் முப்பதுக்கும் மேற்பட்ட உடன்பாடுகளைச் செய்துகொண்டன. உடன்பாடுகளின் விவரம் மறைவானது. நெறிமுறையில் சேர ஆண்டு வருவாய் 1,50,000 ஆஸ்திரேலிய டாலர் இருக்க வேண்டும். ஊர்ப்புறச் சிற்றிதழ்கள் தனித்தனியே பேரம்பேச வலுவின்றி, 'கன்ட்ரி பிரஸ் ஆஸ்திரேலியா' என்னும் அமைப்பின்வழி கூட்டாகப் பேசின. பெற்ற பணத்தைச் செய்தியாளருக்குச் செலவிட வேண்டும் என்னும் கட்டாயம் எதையும் அச்சட்டம் விதிக்கவில்லை. 2024 மார்ச்சில் மெட்டா நிறுவனம் தன் உடன்பாடுகளைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்ததும் அவ்வழியின் மெலிவு வெளிப்பட்டது. தளம் மனம்வைக்கும் வரைதான் பேரம்.

கனடாவின் இணையச் செய்திச் சட்டம் 2023 ஜூனில் நிறைவேறியது. மெட்டா அவ்வாண்டு ஆகஸ்டு முதல் கனடாவில் செய்தியை அடியோடு நிறுத்தியது. அத்தடை கனடிய ஊடகங்களோடு நிற்கவில்லை. டொராண்டோவில் வாழும் ஈழத்தமிழர் ஒருவர் ஃபேஸ்புக்கில் யாழ்ப்பாணத்து நாளிதழையோ சென்னை நாளிதழையோ காணவியலாமற் போனது. கூகுள் மட்டும் ஆண்டுக்கு 10 கோடிக் கனடிய டாலர் தர ஒப்புக்கொண்டது. அப்பணம் பகிரப்படும் முறை நம் நோக்கில் முதன்மையானது. ஒலி, ஒளிபரப்பாளர்களுக்கு உச்சவரம்பு வைத்து, எஞ்சியதை எழுத்து ஊடகங்களுக்கு ஒதுக்கி, நிறுவனம் ஒவ்வொன்றிலும் பணிபுரியும் செய்தியாளரின் உழைப்பு நேரத்தைக் கணக்கிட்டுப் பகிர்கின்றனர். சொடுக்குகளின் எண்ணிக்கை அளவுகோலாகவில்லை. ஆள் வைத்துச் செய்தி திரட்டும் நிறுவனம் கூடுதலாகப் பெறுகிறது. பிறர் செய்தியை எடுத்தெழுதும் நிறுவனம் குறைவாகப் பெறுகிறது. ஆயினும் குறைந்தது இரு செய்தியாளர் பணிபுரிய வேண்டும் என்னும் நிபந்தனை அங்கும் உண்டு. ஒற்றை ஆளாகத் தளம் நடத்துபவர் வெளியிலேயே நிற்கிறார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் பதிப்பாளருக்குத் தனி உரிமை வழங்கியபோது, அதில் வரும் தொகையில் ஆக்கியோருக்கு உரிய பங்கு தரப்பட வேண்டும் என்று 15-ஆம் உறுப்பிலேயே சேர்த்தது. 'உரிய பங்கு' எவ்வளவு என்பதை உறுப்பு நாடுகளிடம் விட்டுவிட்டது. ஜெர்மனி குறைந்தது மூன்றில் ஒரு பங்கு என்றது. இத்தாலி இரண்டு முதல் ஐந்து விழுக்காடு என்றது. ஒரே வாசகத்திலிருந்து இவ்வளவு வேறுபட்ட எண்கள் பிறந்தமையே, அளவைச் சட்டத்தில் எழுதாமல் விடுவதன் பொருளை உணர்த்தப் போதும்.

விலை–பக்கச் சட்டத்தின் நினைவு

சிறிய இதழ்களைப் பெரியவற்றிடமிருந்து காக்கும் முயற்சி இந்தியாவுக்குப் புதிதன்று. பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப நாளிதழின் விலையை வரையறுக்கும் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டது. 1960-ஆம் ஆண்டு ஆணை அதனை நடைமுறைப்படுத்த முனைந்தது. மராத்தி நாளிதழான சகாளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. இதழின் பக்கத்தையும் பரவலையும் கட்டுப்படுத்துவது பேச்சுரிமையையே கட்டுப்படுத்துவதாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அதற்குச் சில ஆண்டுகள் முன், 1958-இல், எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தைப் பெரும்பாலும் செல்லும் என்று ஏற்றிருந்தது. ஊதியக் குழுவின் முடிவை மட்டும், நிறுவனங்களின் கொடுக்கும் ஆற்றலைக் கருதவில்லை என்று தள்ளியது. இரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்தால் ஒன்று புலனாகும்: செய்தியின் பரவலைத் தொடும் சட்டம் வீழ்ந்தது, செய்தியாளரின் ஊதியத்தைத் தொட்ட சட்டம் நின்றது. எண்மத் தளங்கள் குறித்துச் சட்டம் இயற்றுவோர், எச்செய்தி எவ்வாறு காட்டப்பட வேண்டும் என்பதில் கைவைப்பதைவிட, வரும் பணம் உழைப்பவருக்கு எவ்வாறு சேரும் என்பதில் கைவைப்பது அரசமைப்பு நோக்கில் பாதுகாப்பானது. கொடுக்கும் ஆற்றல் இல்லை என்பதே ஊதிய உயர்வுக்கு எதிராக நிறுவனங்கள் முன்வைத்து வந்த வாதம். தளங்களிடமிருந்து தொகை பெறும் நிறுவனம் அவ்வாதத்தை அதே வலுவுடன் முன்வைக்க இயலாது.

செயற்கை நுண்ணறிவும் 'நமது நிருபரும்'

தேடுபொறி இணைப்பைக் காட்டிய காலத்தில் வாசகர் என்றேனும் மூலச் செய்திக்கு வந்தார். விடையையே சுருக்கித் தரும் காலத்தில் அவ்வருகையும் குறைகிறது. தேடல் விடைச் சுருக்கங்களைத் தமிழிலும் தருவதாகக் கூகுள் அறிவித்தது 2024 அக்டோபரில். மயிலத்தில் மழை கொட்டுவதற்கு இரு மாதம் முன்பு. ஓப்பன் ஏஐ நிறுவனத்தின்மீது ஏஎன்ஐ செய்தி முகமை தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கும் 2024 நவம்பரில் தொடங்கியதே.

தமிழைப் பொறுத்தவரை இதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. சிற்றூர்ப் பெயர்கள், கோயில் பெயர்கள், வேளாண் வழக்குகள், அலுவலகச் சொற்கள் ஆகியவை தற்காலத் தமிழில் நாள்தோறும் எழுத்தில் பதிவாகும் இடம் பெரும்பாலும் மாவட்டச் செய்திப் பக்கமே. ஓர் இயந்திரம் 'ஒலக்கூர்', 'கண்டமங்கலம்', 'முண்டியம்பாக்கம்' ஆகிய பெயர்களைப் பிழையின்றி எழுதக் கற்குமாயின், அதில் பெயர் அறியப்படாத வட்ட நிருபர் பலரின் பங்கு இருக்கும்.

2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வணிக ஊக்குவிப்புத் துறை வெளியிட்ட ஆய்வறிக்கை, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு அனைத்து ஆக்கங்களையும் பயன்படுத்தக் கட்டாய உரிமம் வழங்கி, அதற்கீடாக வருவாயில் ஒரு பங்கை ஒரே கூட்டமைப்பின் வழியே திரட்டிப் பகிரலாம் என்று முன்மொழிந்தது. ஆக்கியோர் மறுப்பதற்கு அதில் இடமில்லை. பணம் பெறுவதற்கு இடமுண்டு. மறுக்கும் உரிமையை இழப்பவருக்குப் பெறும் உரிமையாவது மெய்யாகக் கைக்கு வர வேண்டும். பகிர்வதற்கு முதல் தேவை யார் ஆக்கியது என்னும் பதிவு.

இங்கேதான் தமிழ் நாளிதழ்களின் பழைய வழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. மாவட்டச் செய்திகள் 'நமது நிருபர்' என்னும் குறிப்புடனோ குறிப்பே இல்லாமலோ வெளியாகின்றன. சாதி மோதல், மணற்கொள்ளை, சாராயம் ஆகியவற்றைப் பற்றி எழுதுபவர் அதே ஊரில் வாழ வேண்டியிருப்பதால், பெயரை மறைப்பதற்கு நியாயமும் உண்டு. ஆகவே அச்சில் பெயர் இட வேண்டும் என்று கூறிவிட முடியாது. நிறுவனத்தின் உள்பதிவிலாவது செய்திதோறும் எழுதியவர், படமெடுத்தவர், நாள், ஊர் ஆகியவை நிற்க வேண்டும். தான் ஆக்கியோன் என்று உரிமைகோரும் தனியுரிமையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு உரிமை மாற்றத்திற்குப் பின்னரும் ஆக்கியவருக்கே வைத்திருக்கிறது. பெயரை வெளியிடாமலிருப்பது அவ்வுரிமையைக் கைவிடுவதாகாது.

இணையப் பக்கம் ஒவ்வொன்றின் உட்குறிப்பிலும் ஆக்கியோன் பெயருக்கென ஓர் இடம் உண்டு. தேடுபொறிகள் படிப்பதும் அவ்விடத்தையே. மாவட்டச் செய்திகள் பலவற்றில் அவ்விடத்தில் நிறுவனத்தின் பெயரோ 'இணையச் செய்திப் பிரிவு' என்னும் பொதுப்பெயரோ இருக்கிறது. குறியீட்டு எண் ஒன்றை அங்கு இட்டால்கூடப் போதும். பெயர் வெளிப்படாது, கணக்கு நிற்கும். இதற்குப் புதிய சட்டமோ தளங்களின் ஒப்புதலோ தேவையில்லை. விழுப்புரத்திலுள்ள மாவட்ட அலுவலகம் திண்டிவனத்திலிருந்து வரும் அடுத்த செய்தியிலேயே தொடங்கலாம்.